நடுவழியில் நின்ற கோர்ட்டு

ட்ரெக்சல், கெஸ்லர் கவுண்டி,
நெப்ராஸ்கா.
நவம்பர் 14, 1887

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்பது மைல் தள்ளி இருக்கும் அப்பாவுக்குத் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. வேறு வழி என்ன? நீங்கள் எங்கள் ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று தலைமையிடத்தை மாற்றும் பேச்சு எழுந்த போன வருஷமே கோர்ட்டுப் படியில் நின்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தவர். நான் மெர்ரிட்டுக்கு வந்தால் ஹிராம் கேட்லின் தன் கொல்லுப்பட்டறை வாசலிலேயே மறித்துக்கொள்கிறான். "வாங்கம்மா, ட்ரெக்சல் மகாராணி! இங்க இன்னும் எதைத் தூக்கிட்டுப் போகலாம்னு பாக்க வந்தீங்களா?" என்று போன வாரம் கேட்டான். உங்கள் அறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

தேர்தல் முடிவை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கவுண்டிப் பதிவாளர் நீங்கள்; ஓட்டை எண்ணியதே நீங்கள்தான். கவுண்டியின் தலைமையிடம் இனிமேல் ட்ரெக்சல். இங்கே இன்னும் கொண்டாட்டம் ஓயவில்லை. ரயில் பாதை போடும் கூலிகளை வரிசையில் நிறுத்தி ஓட்டுப் போட வைத்தார்கள் என்று நீங்கள் வழக்குப் போடப் போவதாகப் பேச்சு. நிறுத்தினார்கள்தான். நிலத் தரகர் டூலி அவர்களுக்குப் பீர் வாங்கிக் கொடுத்ததை நானே பார்த்தேன். ஆனால் இந்தக் கவுண்டி எப்படிப் பிறந்தது என்று எனக்குச் சொன்னவரும் நீங்கள்தானே? கவுண்டி கேட்டு மனுப்போட ஆள் போதவில்லை என்று வண்டி மாடுகளுக்கெல்லாம் குடும்பப் பெயர் வைத்து மனுவில் சேர்த்தீர்கள். "எங்க வீட்டு செவலைகூட இந்தக் கவுண்டியோட மரியாதைப்பட்ட குடிமகன்தான்" என்று அம்மா விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். செவலைக்கு உண்டான உரிமை ரயில் கூலிக்குக் கிடையாதா?

உங்களைச் சிரிக்க வைத்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று பார்த்தேன். எழுதியதைப் படித்தால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தோன்றுகிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகக் கோர்ட்டு கட்ட இங்கே பணம் இல்லை. மெர்ரிட்டில் இருக்கிற கட்டடத்தையே அப்படியே பெயர்த்து இழுத்து வருவதென்று முடிவாகியிருக்கிறது. வேலையை என் கணவர் ஆன்டனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீடு நகர்த்துவதுதான் அவர் தொழில். இந்தப் பக்கம் கட்டடத்தைத் தூக்குகிற ஜாக்கியும் உத்தரமும் உருட்டுக்கட்டையும் வைத்திருக்கிற ஒரே ஆள் அவர்தான். வேண்டாம் என்று நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் மாட்டேன்னா டூலி ஒமாஹாவுலேருந்து ஆள் கூட்டிட்டு வருவான். அவங்க கட்டடத்த ரெண்டா அறுத்துத்தான் கொண்டு வருவாங்க. மாமா கையால கட்டுனது லவீனியா அது. நான் ஒரு ஆணி பிடுங்காம கொண்டாந்து வெப்பேன்."

இதை வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

உங்கள் மகள்,
லவீனியா


மெர்ரிட்
நவம்பர் 19, 1887

லவீனியாவுக்கு,

உன் கடிதம் வந்தது.

மாட்டுக் கதையை எடுத்தாய். சரி. அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட மனிதர்கள் பதினோரு பேர். அவர்களில் பாதிப்பேர் அடுத்த இரண்டு குளிர்காலங்களில் திரும்பிப் போனார்கள் அல்லது செத்தார்கள். எங்களுக்கு ஒரு மரத்துண்டு வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்கு மூன்று நாள் வண்டி ஓட்ட வேண்டும். அந்த மரத்தில்தான் கோர்ட்டைக் கட்டினோம். நாங்கள் எல்லாரும் அப்போது புல்மண்ணை வெட்டி அடுக்கிய வீட்டில் இருந்தோம். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். மரத்தால் கட்டிய கட்டடம் கவுண்டியிலேயே அது ஒன்றுதான். எங்களுக்கு மரவீடு கட்டிக்கொள்வதற்கு முன்பே அதைக் கட்டினோம். பைத்தியக்காரத்தனம் என்றுதான் உன் அம்மா சொன்னாள். பிறகு அவளே ஜூரி அறையில் பள்ளிக்கூடம் நடத்தினாள்.

வெட்டுக்கிளி வந்த வருஷம் உனக்கு ஒன்பது வயது. நினைவிருக்கும். பயிரைத் தின்று, வெங்காயத்தை மண்ணுக்குள் குடைந்து தின்று, கோர்ட்டு ஜன்னலின் பச்சைத் திரையையும் தின்றுவிட்டுப் போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க அரசாங்கம் அனுப்பிய பீன்ஸையும் பழைய பட்டாளத்துக் கோட்டுகளையும் அந்தப் படியில் நின்றுதான் பிரித்துக் கொடுத்தோம். ஊர்ச் சனம் முழுக்க நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தது. உள்நாட்டுப் போரில் அந்த நீலக் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று சண்டை போட்ட ஹிராம் மட்டும் வாங்க மாட்டேன் என்று நடுங்கிக்கொண்டு நின்றான். உன் அம்மாதான் அந்தக் கோட்டுக்குப் பழுப்புச் சாயம் போட்டுக் கொடுத்தாள். அப்புறம் போட்டுக்கொண்டான்.

டூலிக்கு இதெல்லாம் தெரியாது. ரயில் எங்கே நிற்குமென்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிலம் வாங்கிப் போட்டவன் அவன். உன் புருஷனுக்கும் தெரியாது.

கோர்ட்டு போனால் அடுத்த மாதம் வக்கீல் போவான். வக்கீல் போனால் ஓட்டல் மூடும். பிறகு டாக்டர், பிறகு பத்திரிகை அச்சாபீஸ், பிறகு மளிகைக்கடை. வேறு கவுண்டிகளில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மெர்ரிட்டில் கல்லறையில் கிடக்கிற உன் அம்மா ஒருத்திதான் இருப்பாள். அவளை மட்டும் யாரும் உருட்டுக்கட்டையில் ஏற்ற மாட்டார்கள்.

ஆணி பிடுங்காமல் கொண்டு போவானாம். அறுத்தால் என்ன, அறுக்காவிட்டால் என்ன. அந்தக் கட்டடத்துக்கு அடியில் அவன் ஜாக்கி வைக்கிற நாளோடு எனக்கு மகள் இல்லை.

ஈனாக் ப்ரையர்


ட்ரெக்சல்
டிசம்பர் 2, 1887

அப்பா,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பல நாள் பேனாவைத் தொடவில்லை. மகள் இல்லை என்று எழுத உங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

அம்மாவை விட்டுவிட்டுப் போவதைப் பற்றி எழுதினீர்கள். ட்ரெக்சலிலும் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, தெரியுமா? ஊருக்கு வரைபடம் போட்டபோது அதற்கு இடம் ஒதுக்க டூலி மறந்துவிட்டார். கடைக்கும் ஓட்டலுக்கும் பேண்டு வாசிக்கும் மேடைக்கும் இடம் விட்டவர் சாவுக்கு விடவில்லை. போன மார்ச்சில் தேவைப்பட்டது. அங்கே முதலில் தோண்டிய குழி என் பிள்ளைக்கு.

யோசெஃபுக்கு ஐந்து மாதம். தொண்டை அடைத்து மூன்றே நாளில் போய்விட்டான். ஆன்டன் இரவோடிரவாகக் குதிரையில் மெர்ரிட்டுக்கு வந்து உங்கள் கதவைத் தட்டினார். நீங்கள் கதவைத் திறந்தீர்கள், கேட்டீர்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அடக்கம் முடிகிற வரைக்கும் நான் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆன்டனின் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். சொந்த பாஷை பேசுகிற ஆள் யாரும் என் பக்கத்தில் இல்லை.

எதனால் வரவில்லை? ஆன்டன் போஹீமியாக்காரர், கத்தோலிக்கர் என்பதாலா? நம்ப மாட்டேன். கல்யாணத்துக்கே நீங்கள் அப்படி ஒன்றும் தடை சொல்லவில்லை. கோர்ட்டுப் படியில் நின்று செய்த சத்தியம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டடத்துக்காகச் செய்த சத்தியம்.

அதனால்தான் அந்தக் கட்டடத்தைப் பெயர்க்கும் வேலையை ஆன்டன் எடுத்தபோது கடைசியில் சரி என்றேன். இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

லவீனியா


மெர்ரிட்
டிசம்பர் 20, 1887

லவீனியாவுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன்.

வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன். எங்கள் மனுவை விசாரிக்க நீதிபதி இன்னும் தேதி கொடுக்கவில்லை. உன் புருஷன் புத்தாண்டு கழித்து வரப்போவதாக ஷெரிஃப் சொன்னார். வரட்டும். நான் துப்பாக்கி எடுக்கப் போவதில்லை. ஹிராமிடம் இருந்ததையும் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டேன். ஆனால் பதிவாளர் இருக்க வேண்டிய இடம் கோர்ட்டு என்று சட்டத்தில் இருக்கிறது. கோர்ட்டு எங்கே போனாலும் நானும் என் மேஜையும் அதற்குள் இருப்போம். என்னையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டியிருக்கும் என்று அவனிடம் சொல். உத்தரம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே குளிர் அதிகம். நீ நெஞ்சுச் சளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாயா?

ஈ. ப்ரையர்


ட்ரெக்சல்
ஜனவரி 9, 1888

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் இல்லை என்றவர் நெஞ்சுச் சளியைப் பற்றி விசாரித்ததால் 'அன்புள்ள' என்று மறுபடியும் போட்டிருக்கிறேன். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டீர்கள். ஆன்டன் ஒவ்வொரு நாளும் வந்து சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கட்டடத்தை ஜாக்கியில் ஏற்றும்போது நீங்கள் மைப்புட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தீர்களாம். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாமா, இந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். நாற்காலிய நகத்திக்குங்க" என்றிருக்கிறார். நீங்கள் அவரைப் பார்க்காமல் ஹிராமிடம், "அந்த ஆள்கிட்ட சொல்லு, கவுண்டி ஆபீஸ்ல பேசணும்னா வாசல் வழியா வரணும். ஜன்னல் வழியா மனு வாங்குறதில்ல" என்றீர்களாம். ஹிராம் வெளியே வந்து, பக்கத்திலேயே நிற்கிற ஆன்டனிடம் அதைத் திருப்பிச் சொன்னானாம். வாசலில் படியே இல்லை, படியைக் கழற்றித்தான் தூக்கியிருந்தார்கள். ஆன்டன் ஏணி வைத்து ஏறி வாசல் வழியாக வந்து, "நாற்காலிய நகத்திக்குங்க மாமா" என்று மறுபடி சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம். நகர்த்திக்கொண்டீர்களாம்.

குளிரில் இறுகிய தரையில் முப்பது மாடு பூட்டி இழுத்துப் பாதி தூரம் வந்ததும் தடை உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை கட்டடத்தை இந்தப் பக்கமும் நகர்த்தக் கூடாது, அந்தப் பக்கமும் நகர்த்தக் கூடாது. ஆகவே கெஸ்லர் கவுண்டியின் கோர்ட்டு இப்போது ப்ளம் ஓடைக்கரையில், சுற்றி நாலு மைலுக்கு ஒரு கடைகூட இல்லாத புல்வெளியில், உருட்டுக்கட்டை மேல் நிற்கிறது. டூலி தினமும் சாயங்காலம் ஓட்டல் வாசலில் நின்று கத்துகிறார். "ஓடையில இருக்குற ஆமைக்கெல்லாம் பட்டா குடுக்குறாரா அந்தக் கிழவரு?" என்று.

குடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு சுவீடன் நாட்டு ஜோடி ஏணியில் ஏறி வந்து கல்யாண லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்களாம். பெண்ணின் கையைப் பிடித்து நீங்களே இறக்கிவிட்டீர்கள் என்று ஆன்டன் சொன்னார்.

அங்கே தனியாக எப்படி இருக்கிறீர்கள்? ஹிராம் வந்து போகிறான் என்று தெரியும். அடுப்புக்கு மக்காச்சோளத் தட்டை போதுமா? ஆன்டன் வியாழக்கிழமை முட்டுக்கட்டைகளைச் சரிபார்க்க வருவார். அவரிடம் பன்றி இறைச்சியும் ரொட்டியும் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிடுங்கள். ட்ரெக்சல் மண்ணைத்தானே மிதிக்க மாட்டீர்கள்? ட்ரெக்சல் ரொட்டியைத் தின்ன மாட்டேன் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

லவீனியா


ப்ளம் ஓடை
ஜனவரி 14, 1888

லவீனியா,

உன் புருஷன் உயிரோடு இருக்கிறான். மற்றதைப் பிறகு படி.

இதைக் கொண்டு வருகிற டாக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். இடது காலில் விரல்கள் போய்விட்டன. அந்தக் காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். பேசுகிறான், கஞ்சி குடிக்கிறான். சாலை திறந்ததும் வண்டியில் அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை காலை எவ்வளவு இதமாக இருந்தது என்று உனக்குத் தெரியும். ஜனவரியில் அப்படி ஒரு வெயில். அவன் கோட்டுக்கூடப் போடாமல் வந்திருந்தான். ஹிராமும் இங்கே இருந்தான். டூலியின் ஆள் ஒருவன், கட்டடத்தை நாங்கள் ராத்திரியில் பின்னால் இழுத்துவிடுகிறோமா என்று வேவு பார்க்க வந்தவன், அவனும் உள்ளே ஒரு பெஞ்சில் படுத்துக் கிடந்தான். மத்தியானம் தாண்டியதும் வடமேற்கில் ஒரு சாம்பல் சுவர் எழும்பிற்று. அது வந்து மோதியபோது கட்டடம் உருட்டுக்கட்டையில் அரையடி நகர்ந்தது. அவ்வளவுதான், ஜன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை. மாவை அள்ளி வீசியது போல இருந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

"கோர்ட்டு மணிய அடிங்க மாமா" என்றான் உன் புருஷன். நான் இதுவரை அவனுக்கு நேராகப் பதில் சொன்னதில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன். "ஓடைக்கு அந்தாண்ட பள்ளிக்கூடம் இருக்கு. பிள்ளைங்க வீட்டுக்குக் கிளம்பியிருக்கும்." எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை நான்தான் பதிவு செய்தேன். டீச்சர் மிஸ் ஓடெலுக்கு நியமன உத்தரவு எழுதியதும் நான்தான். அது அங்கே இருக்கிறது என்று அவனுக்குத்தான் நினைவு வந்தது.

மணியை அடிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்துக் காற்றுக்குள்ளே ஒரு குரல் கேட்டது போலிருந்தது. ஹிராம் இல்லை என்றான், டூலியின் ஆள் ஆமாம் என்றான். இருவரும் அதற்கும் சண்டை போட்டார்கள். உன் புருஷன் பேசாமல் மாடு பூட்டும் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்தான். என்னுடைய கோட்டைப் போட்டுக்கொண்டான். ஒரு முனையை ஹிராமின் இடுப்பில் கட்டினான். "நான் ரெண்டு தடவ இழுத்தா நீங்க இழுங்க. இழுக்கலன்னாலும் கயித்த விட்றாதீங்க" என்றான். ஹிராம் அவனைப் பார்த்து, "போஹீமியாக்காரா, நீ திரும்பி வரலன்னா இந்தக் கட்டடத்த நான் மெர்ரிட்டுக்கே இழுத்துட்டுப் போயிருவேன், பாத்துக்க" என்றான். அழுதுகொண்டே சொன்னான்.

முதல் முறை போய் வெறுங்கையோடு வந்தான். இரண்டாவது முறை டீச்சரையும் ஏழு பிள்ளைகளையும் கூட்டி வந்தான். பள்ளிக்கூடத்துக் கூரை பறந்துவிட்டதாம். மணிச்சத்தத்தைப் பார்த்து நடந்து வந்தார்களாம். நடுவில் சத்தம் எந்தப் பக்கமென்று தெரியாமல் ஓடைப் பள்ளத்தில் நின்றுவிட்டார்களாம். எண்ணிப் பார்த்தபோது ஒரு பெண் குறைந்தது. மூன்றாவது முறை போனான். அந்தத் தடவை ஓடையில் பனிக்கட்டி உடைந்து கால் தண்ணீருக்குள் போயிருக்கிறது. பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வந்தான். அவள் நன்றாக இருக்கிறாள். இப்போது என் நாற்காலியில் தூங்குகிறாள்.

நான் மணியை நிறுத்தவில்லை. வேறு யாராவது நடந்துகொண்டிருக்கலாம் என்று பொழுது விடியும்வரை மாற்றி மாற்றி அடித்தோம்.

அடுப்புக்கு எரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஜூரி பெஞ்சுகளை எரித்தோம். கூண்டுக் கம்பங்களை எரித்தோம். நீதிபதியின் நாற்காலியை எரித்தோம். ஓட்டுப் பெட்டியை எரிக்கலாம் என்று நான் எடுத்தபோது டூலியின் ஆள் எழுந்து நின்று, "அதுதான் எங்க சாட்சி! மெர்ரிட்காரன் சாட்சிய எரிக்கிறான்!" என்று கத்தினான். ஹிராம், "உன் சாட்சிய மடியில வெச்சுக்கிட்டு வெறச்சுப் போ" என்றான். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றன, மிஸ் ஓடெல் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் பெட்டியை நானும் டூலியின் ஆளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுப்பில் போட்டோம், எவரும் தனியாகப் போட்டதாகச் சொல்லக் கூடாதென்று. இந்தக் கவுண்டி மனிதர்கள் இப்படித்தான். உயிர் போகிற நேரத்திலும் முறைப்படிதான் சண்டை போடுவார்கள்.

விடியற்காலையில் உன் புருஷனுக்குக் காய்ச்சல் ஏறிப் பிதற்றினான். அவன் காலை என் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பாஷை எனக்குத் தெரியாது. நெடுநேரம் பேசினான். ஒரு பெயர் மட்டும் புரிந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

என் ஆபீஸில் ட்ரெக்சல் வரைபடம் இருக்கிறது. இன்று பிரித்துப் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தை யாரும் குறிக்கவில்லை. அது ஊருக்கு எந்தப் பக்கம்?

அப்பா


ட்ரெக்சல்
பிப்ரவரி 3, 1888

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊருக்குத் தெற்கே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டியதும் ஒரு மேடு. வேலி கிடையாது. மேற்கு ஓரத்தில் மரச்சிலுவை. இப்போது அங்கே வேறு நாலு பேர் இருக்கிறார்கள், புயலுக்குப் பிறகு.

ஆன்டன் கோலூன்றி நடக்கிறார். விரல்களைப் பற்றிக் கேட்பவர்களிடம், "ப்ளம் ஓடைல பட்டா வாங்கி அங்கயே வெச்சுட்டு வந்துட்டேன். மாமா பதிஞ்சு குடுத்துட்டாரு" என்கிறார். ராத்திரியில் வலிக்கிறது, அதைச் சொல்ல மாட்டார். நீங்கள் காலைத் தேய்த்தது அவருக்கு நினைவில்லை. நான் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் வெளியே எழுந்து போனார்.

அவர் என்ன பெயர் சொன்னார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்பது உங்களுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும். மெர்ரிட்டின் மனு தள்ளுபடி. தரை இளகுவதற்குள் கட்டடம் இங்கே வந்தாக வேண்டும் என்கிறார்கள். ஆன்டனால் மாட்டுக்கு முன்னால் நடக்க முடியாது. வண்டியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். மாட்டை நடத்த நிதானமான ஆள் வேண்டும், அவசரக்காரர்களை வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும் என்கிறார். ஆள் தேடுகிறார்.

உங்களைக் கேட்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

லவீனியா


ட்ரெக்சல்
மார்ச் 1, 1888

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நடந்ததைப் பற்றி உங்களுக்கு எழுதத் தேவையில்லைதான். நீங்களும் இங்கேதான் இருந்தீர்கள். ஆனாலும் நீங்கள் என்னைப் பார்க்காமல் போய்விட்டதால், நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

பேண்டு வாசித்தார்கள். டூலி மேடையில் ஏறி நின்றிருந்தார். கோர்ட்டு மேட்டைத் தாண்டி மெதுவாக எழும்பி வந்தது. முதலில் மணிக்கூண்டு, பிறகு கூரை, பிறகு திரை இல்லாத ஜன்னல்கள். முன்வரிசை மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடந்து வந்தீர்கள். கூட்டம் ஆரவாரம் செய்யத்தான் கூடியிருந்தது. உங்களைக் கண்டதும் எப்படியோ சத்தம் அடங்கிப்போயிற்று. பேண்டுக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். உருட்டுக்கட்டை நெரிகிற ஓசை மட்டும் கேட்டது. ஆன்டன் வண்டியிலிருந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மாமா" என்றார். "தெரியுது மாப்பிள்ளை" என்றீர்கள். நான் அஞ்சலாபீஸ் வாசலில் இருந்தேன், கேட்டேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நீங்கள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அஸ்திவாரத்தில் இறக்கியதும் டூலி பேசத் தொடங்கினார். நீங்கள் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தண்டவாளத்தைத் தாண்டிப் போனீர்கள். நான் பின்னால் வரவில்லை. வரலாமா என்று தெரியவில்லை. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த மேடு தெரியும். காற்று பலமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு மண்டியிட்டு, பனியில் சாய்ந்திருந்த சிலுவையை நிமிர்த்தி, சுற்றிலும் கல் எடுத்து வைத்து அணைத்தீர்கள். கல் தேடி எவ்வளவு தூரம் நடந்தீர்கள்! இந்த மண்ணில் கல்லே கிடையாது.

நான் மேஜையில் தட்டு வைத்திருந்தேன். வாசல் வரைக்கும் வந்தீர்கள் அப்பா. உங்கள் காலடி கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் ஹிராமின் வண்டியில் ஏறிவிட்டீர்கள்.

நான் கோபமாக எழுதவில்லை. எதனால் உள்ளே வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

லவீனியா


மெர்ரிட்
செப்டம்பர் 23, 1888

அன்பு மகள் லவீனியாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை மாதம் ஆகிவிட்டது. நடுவில் நீ மூன்று முறை வந்துபோனாய், நேரில் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையோதான் பேசினேன்.

உன் வாசலில் நின்றபோது உள்ளே உன் மாமியார் பாடுவது கேட்டது. மாவு பிசைந்துகொண்டு பாடியிருப்பாள் போலும். பிள்ளை போன நாளில் உன் பக்கத்தில் நின்றவள் அவள். நான் கதவைத் திறந்து அவளிடம் என்ன சொல்வது? அவளுக்கு என் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்ல ஏதாவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆகவே வண்டியில் ஏறினேன். இதுதான் காரணம். பெரிய காரணமாக எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள்.

பதிவாளர் வேலையை விட்டுவிட்டேன். புதிதாக வந்திருப்பவன் எழுத்து நன்றாக இருக்கிறது. 'கெஸ்லர்' என்பதில் மட்டும் ஓர் எழுத்தை விட்டுவிடுகிறான். சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் முன்பு எழுதிய வரிசையில் எதுவும் நடக்கவில்லை. முதலில் போனது டாக்டர். வக்கீல் இன்னும் இருக்கிறான், கடன் தொல்லையால். வீடுகளையெல்லாம் மாப்பிள்ளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போகிறான். காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் ஒரு பல் விழுந்தது போல இடைவெளி தெரிகிறது. முதலில் ஆத்திரம் வந்தது. இப்போது அவன் ஒவ்வொரு வீட்டையும் எடுக்கும்போது போய்ப் பார்க்கிறேன். வீட்டுக்காரி அலமாரியிலிருந்து பீங்கானை எடுத்து வைக்கப் போனால் தடுக்கிறான். "இருக்கட்டும்மா, ஒண்ணும் ஆவாது" என்கிறான். ஒன்றும் ஆவதில்லை. ஹிராமே பட்டறையை எடுத்துப் போகச் சொல்லிவிட்டான், கேள்விப்பட்டிருப்பாய். "என்னய்யா, நீயுமா?" என்றேன். "குதிரைங்கெல்லாம் அங்க போயிருச்சு. நான் இங்க யாருக்கு லாடம் அடிக்கிறது, உங்களுக்கா?" என்று கேட்டான்.

என் வீட்டையும் எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல். தரை இறுகியதும் வரட்டும். ஆனால் ட்ரெக்சலுக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே, அந்தச் சத்தியம் போய்விட்டது, அதனால் இல்லை. ப்ளம் ஓடைக்கரையில் வைக்கச் சொல். அந்த நிலத்துக்கு மனுப்போட்டு வாங்கிவிட்டேன். இந்தத் தடவை மாடு எதையும் சேர்க்கவில்லை.

யோசித்துத்தான் செய்கிறேன். அந்தப் புயலன்று கவுண்டிக்குள் செத்தவர்கள் எல்லாரும் ஊருக்கும் ஊருக்கும் நடுவில்தான் செத்தார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் எந்த ஊர் பெரிதென்று அடித்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஆள் இருப்பது எங்கள் இரண்டு பேர் வரைபடத்திலும் இல்லை. கோர்ட்டு அங்கே நின்றது ஒரு கூத்துத்தான். அது வேறெங்கே நின்றிருந்தாலும் அந்த எட்டுப் பிள்ளைகள் இன்று இல்லை.

கோர்ட்டு மணியை எனக்குத் தரச் சொல்லிக் கவுண்டிக் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். டூலி எழுந்து எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர் ஆள், ஓட்டுப் பெட்டியை என்னோடு பிடித்தானே, அவன் எழுந்து, "குடுத்துருங்கய்யா. எங்களுக்கு ரயில் ஊதுது, போதும்" என்றான். கொடுத்துவிட்டார்கள். மிஸ் ஓடெலின் புதுப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் வருகிறது. இருட்டிக்கொண்டு வந்தால் யாராவது மணி அடிக்க வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை.

அங்கிருந்து உன் அம்மா நாலரை மைல். மற்றப் பக்கமும் நாலரை மைல். நான் இன்னும் நடக்கிறேன்.

நீயும் உன் மாமியாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பேச வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். நான் அவளிடம் அந்தப் பாட்டை மறுபடி பாடச் சொல்லிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பதென்று நீ சொல்லிக் கொடு.

வீடு வருவதற்குள் கிணறு தோண்டியாக வேண்டும். ஓடைக்கரைதான் என்றாலும் அந்த மேட்டில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஹிராம் திங்கட்கிழமை மண்வெட்டியோடு வருகிறான். சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் என்று அவன் சொல்கிறான், படாது என்று நான் சொல்கிறேன். இப்போதே சண்டை தொடங்கிவிட்டது.

உன் அப்பா